சொல்லக் கூசிய அரிப்பு

1836ஆம் ஆண்டு. பாரிஸில் ஆல்ஃபிரெட் டோனே என்ற மருத்துவர், வெள்ளைப்படுதலும் எரிச்சலுமாக வந்த பெண்களிடம் எடுத்த கசிவைக் கண்ணாடித் துண்டில் தடவி, காய்வதற்குள் நுண்ணோக்கியின் அடியில் வைத்தார். சீழணுக்களுக்கு நடுவே ஏதோ ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது. மெல்லிய இழைகளைச் சுழற்றிச் சுழற்றி அது நீந்தியது. டிரைக்கோமோனாஸ் என்று இன்று மருத்துவர்கள் சொல்லும் ஒற்றைச் செல் உயிரி அது. லூயி பாஸ்டர் நுண்ணுயிர்களைப் பற்றிப் பேசத் தொடங்குவதற்கு இருபது ஆண்டுகள் முன்னால் நடந்த காரியம்.

கண்டுபிடித்தாரே தவிர, அதனால் எந்தப் பெண்ணுக்கும் பலன் கிடைக்கவில்லை. அந்த உயிரிதான் நோயைத் தருகிறதா, சும்மா குடியிருக்கிறதா என்ற சண்டை அடுத்த நூற்றாண்டு வரை நீண்டது. 1849இல் லண்டன் ‘லான்செட்’ இதழில் வில்கின்சன் என்பவர், யோனிக் கசிவில் பூஞ்சையைப் பார்த்ததாக எழுதினார். அதையும் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் இல்லை. இளம்பெண்களுக்கு அந்த இடத்தில் வரும் அரிப்புக்கு முக்கியமான இரண்டு காரணங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாதிக்குள்ளேயே கண்ணில் பட்டுவிட்டன. அவற்றுக்கு உருப்படியான மருந்து வர இன்னும் நூறு ஆண்டுகள் ஆயின.

இந்த வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. பெண்ணின் பிறப்புறுப்பை மருத்துவம் பார்க்காமல் இருந்ததில்லை. பட்டாளத்துக்காகப் பார்த்தது, பிரசவக் காய்ச்சலுக்காகப் பார்த்தது, புருஷனின் முகச்சுளிப்புக்காகக்கூடப் பார்த்தது. அரிப்பில் ராத்திரி தூங்காமல் புரண்டவளுக்காகப் பார்த்தது கடைசியில்தான். அவளுக்கு உதவிய மருந்துகளில் பல வேறு எதையோ தேடிப் போனவர்களின் கையில் அகப்பட்டவை.

பட்டாளக் கதை மதறாஸ் மாகாணத்துக்கும் சொந்தமானது. பரங்கிமலை போன்ற பாளையங்களில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பால்வினை நோய் வருவதைத் தடுக்க வேண்டுமென்று லாக் ஹாஸ்பிடல்கள் இருந்தன. 1868இல் இந்தியத் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. பாலியல் தொழில் செய்வதாகக் கருதப்பட்ட பெண்கள் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும், குறிப்பிட்ட நாள்களில் பரிசோதனைக்கு வர வேண்டும், நோய் இருப்பதாக மருத்துவர் சொன்னால் ஆஸ்பத்திரியிலேயே அடைபட்டுக் கிடக்க வேண்டும். அந்தப் பெண்ணிடம் போன சிப்பாயின் பெயரை அந்தச் சட்டம் எங்கும் பதியவில்லை.

இதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. வெட்டை நோயின் கிருமியை ஆல்பர்ட் நைசர் கண்டுபிடித்ததே 1879இல்தான். அதற்கு முன்பு, ஒரு பெண்ணுக்கு இருப்பது வெட்டையா, பூஞ்சையால் வந்த கசிவா, மாதத்தின் நடுவில் எல்லாப் பெண்களுக்கும் வரும் வெறும் வெள்ளையா என்று உறுதியாகச் சொல்ல எந்த மருத்துவரிடமும் வழி இல்லை. ஆக, சும்மா வெள்ளைப்பட்டவளும் நோயாளியாகப் பூட்டப்படலாம். இங்கிலாந்தில் ஜோசஃபின் பட்லரின் இயக்கம் இதே மாதிரிச் சட்டத்தை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடியது. இந்தியாவில் சட்டம் 1888இல் ரத்தானது. ஆனால் அதற்குள் ஓர் எண்ணம் வேர்விட்டுவிட்டது: அந்த இடத்தில் தொல்லை என்றால், அவள் எங்கேயோ தப்பு செய்திருக்கிறாள். கல்யாணமாகாத கல்லூரி மாணவி ஒருத்தி அரிப்பு என்று சொல்லி மருத்துவரிடம் போக இன்றும் தயங்குவதன் பின்னால் இந்த எண்ணம் இருக்கிறது.

தயக்கத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஆண் மருத்துவர் முன்னால் போய் நிற்பதைவிடச் சாவதே மேல் என்று நினைத்த குடும்பங்கள் அன்றைய சென்னையில் ஏராளம். 1866இல் பாரிஸ்டர் கணவருடன் சென்னைக்கு வந்த மேரி ஷார்லீப் இதைக் கேள்விப்பட்டுத்தான் மருத்துவம் படிக்கக் கிளம்பினார். 1875இல் மதறாஸ் மருத்துவக் கல்லூரி அவரையும் இன்னும் மூன்று பெண்களையும் சேர்த்துக்கொண்டது. பிறகு லண்டனில் பட்டம் வாங்கித் திரும்பிய ஷார்லீப் 1885இல் பர்தா பெண்களுக்கும் சாதி வழக்கத்தால் வெளியே வராத பெண்களுக்குமென ஓர் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். திருவல்லிக்கேணிக்காரர்கள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள்; பலகையில் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்றிருக்கும். பிரசவத்துக்கும் உள்நோய்க்கும் பெண்ணிடமே காட்டலாம் என்ற நிலை அங்கிருந்து வளர்ந்தது.

ஆஸ்பத்திரிக்கு வெளியே, வீட்டுக்குள், வேறொரு விளக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அது சூடு. வெள்ளைப்பட்டால் உடம்பில் சூடு ஏறிவிட்டது. அதை விட்டால் உடம்பே உருகிப் போய்விடும், இடுப்பு வலிக்கும், கண் குழி விழும். இளநீர், ஊறவைத்த வெந்தயம், வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் எல்லாம் இந்தக் கணக்கில் வருகிறவை. இவை எதுவும் கெடுதல் செய்வதில்லை. பூஞ்சையைக் கொல்வதும் இல்லை. இந்த வைத்தியத்தில் ஒரு நல்ல அம்சமாவது உண்டு: அந்த இடத்தைப் போட்டுத் தேய்க்கச் சொல்லவில்லை. மேற்கே நடந்ததைப் பார்த்தால் இதன் அருமை தெரியும்.

அந்த இடத்தைத் தேய்க்காமல் விடுவதற்கு மேற்கே அறிவியல் அடிப்படை ஒன்றை முதலில் போட்டவர் ஆல்பர்ட் டோடெர்லைன் என்ற ஜெர்மன் மகப்பேறு மருத்துவர். பிள்ளை பெற்ற பெண்கள் காய்ச்சலில் சாவது ஏன் என்று ஆராய்ந்தவர், 1892இல் யோனிக் கசிவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஆரோக்கியமான பெண்ணின் யோனியில் நீளக் குச்சி வடிவப் பாக்டீரியா கூட்டமாக வாழ்கிறது, அது லாக்டிக் அமிலத்தைச் சுரக்கிறது, அந்த அமிலம் கெட்ட கிருமிகளை அண்டவிடாமல் செய்கிறது என்று அவர் காட்டினார். பூப்படைந்த பிறகு ஈஸ்ட்ரோஜன் சுரக்கும்போது யோனியின் உட்சுவரில் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சத்து சேர்கிறது. அதிலிருந்துதான் இந்த அமிலம் உண்டாகிறது. அமிலத்தன்மையை அளக்கும் காகிதத்தில் 4.5க்குக் கீழே காட்டினால் வீடு ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். அதாவது அங்கே கிருமி இருப்பது இயல்பு. கிருமியே இல்லாமல் கழுவித் தள்ளினால்தான் ஆபத்து.

டோடெர்லைன் சொன்னது மருத்துவ நூலகத்தில் உட்கார்ந்திருக்க, கடைத்தெரு நேர் எதிர்த்திசையில் போயிற்று.

லைசால் என்ற கிருமிநாசினி 1889இல் ஜெர்மனியில் பிறந்தது. இன்று தரை துடைக்கும் திரவமாக அறியப்படும் அந்தப் பெயர், 1920களிலிருந்து 40கள் வரை அமெரிக்கப் பெண்கள் பத்திரிகைகளில் வேறொரு வேலைக்காக விளம்பரமானது. தண்ணீரில் கலந்து யோனிக்குள் பீய்ச்சிக் கழுவிக்கொள்ள வேண்டுமாம். விளம்பரப் படங்களில் கணவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பான், மனைவி அழுதுகொண்டிருப்பாள். குற்றம் அவளுடைய சுத்தக் குறைவு. கருத்தடையை வெளிப்படையாகப் பேச 1873ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டிருந்ததால், ‘பெண்கள் சுகாதாரம்’ என்ற போர்வையில் கருத்தடைச் சாதனமாகவும் அதை விற்றார்கள். அந்த வேலையையும் அது செய்யவில்லை. ஐரோப்பியப் பெண் மருத்துவர்கள் பரிந்துரைப்பதாகப் பெயர்களோடு விளம்பரம் வந்தது. அமெரிக்க மருத்துவச் சங்கம் விசாரித்தபோது அப்படி ஆட்களே இல்லை. அன்றைய லைசாலில் கிரெசால் இருந்தது. தோல் வெந்துபோகும், உள்ளே புண்ணாகும், செத்துப்போனவர்களும் உண்டு. 1953இல்தான் அதன் கலவையை மாற்றினார்கள்.

அரிப்பு வருகிறது, அசுத்தம் என்று நினைத்துக் கழுவுகிறாள், நல்ல பாக்டீரியா அழிகிறது, தோல் பொரிகிறது, அரிப்பு கூடுகிறது, இன்னும் அழுத்திக் கழுவுகிறாள். இந்தச் சுழலில் லாபம் பார்க்கும் வியாபாரம் எண்பது ஆண்டுகளில் உருமாறியிருக்கிறதே தவிர ஒழியவில்லை. மணம் போட்ட ‘இன்டிமேட் வாஷ்’ பாட்டில்கள் இன்று சின்ன ஊர் மருந்துக்கடை வரை வந்துவிட்டன. குளிக்கும் தண்ணீரில் கிருமிநாசினி இரண்டு மூடி ஊற்றிக் கழுவும் பழக்கமும் நம் வீடுகளில் உண்டு. வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவினால் போதும், உள்ளே எதையும் விட வேண்டாம் என்று மகப்பேறு மருத்துவர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போகிறார்கள்.

பூஞ்சைக்கு வருவோம். கேண்டிடா என்று அதற்கு 1923இல் பெயர் வைத்தவர் கிறிஸ்டினே பெர்க்ஹௌட் என்ற டச்சுப் பெண். உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அவர் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வில். பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்தப் பூஞ்சைத் தொற்று வரும் என்பது மருத்துவ நூல்களில் அடிக்கடி காணும் கணக்கு. தாங்க முடியாத அரிப்பு, சிவந்து வீங்கிய வெளித்தோல், சிறுநீர் பட்டால் எரிச்சல், உடைந்த தயிர்க்கட்டி போல வெள்ளை, வாடை மட்டும் இருக்காது. 1940கள் வரை இதற்கு இருந்த சிகிச்சை ஜென்ஷன் வயலட் என்ற ஊதாச் சாயம். உள்ளே தடவுவார்கள். அரிப்பு ஓரளவு அடங்கும். உள்பாவாடை, படுக்கை விரிப்பு எல்லாம் ஊதாவாகும்.

அந்த நேரத்தில் பென்சிலினும் மற்ற ஆன்டிபயாடிக்குகளும் வந்து சேர்ந்தன. தொண்டைப் புண்ணுக்கு மாத்திரை விழுங்கினால், நோய்க்கிருமியோடு டோடெர்லைன் கண்ட நல்ல பாக்டீரியாவும் செத்தது. காலியான இடத்தில் பூஞ்சை பெருகியது. ஒரு நோயைக் குணமாக்கிய மருந்தே இன்னொன்றைப் பெருக்கியதால், பூஞ்சையைக் கொல்ல மருந்து வேண்டுமென்ற தேடல் அவசரமானது.

அந்தத் தேடலில் இறங்கிய இருவரில் ஒருவரான எலிசபெத் ஹேஸன் 1885இல் மிசிசிப்பியில் பிறந்தவர். மூன்று வயதில் பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளர்ந்தார். பள்ளி ஆசிரியையாக இருந்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கும்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. நியூயார்க் மாநில சுகாதாரத் துறையின் ஆய்வகத்தில், நியூயார்க் நகரில் அவருக்கு வேலை. ரேச்சல் பிரௌன் அவரைவிடப் பதின்மூன்று வயது இளையவர், வேதியியலர், அதே துறையின் ஆல்பனி ஆய்வகத்தில் இருந்தார். தந்தை விட்டுப் போன வீட்டில் வளர்ந்த பெண். ஹென்ரியெட்டா டெக்ஸ்டர் என்ற செல்வந்தர், பாட்டியின் சினேகிதி, அவருடைய கல்லூரிச் செலவை ஏற்றுக்கொண்டிருந்தார்.

இரண்டு ஊருக்கும் இடையே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம். அவர்களுடைய ஆய்வுக்கூடங்களை இணைத்தது தபால் துறை. ஹேஸன் பல இடங்களிலிருந்து மண் எடுத்துவந்து, அதில் வாழும் பாக்டீரியாக்களை வளர்த்து, எது பூஞ்சையைக் கொல்கிறதென்று பார்ப்பார். கொன்றால், அந்த வளர்ப்பைக் கண்ணாடி ஜாடியில் அடைத்து ஆல்பனிக்குத் தபாலில் அனுப்புவார். பிரௌன் அதிலிருந்து செயல்படும் பொருளைப் பிரித்தெடுத்துத் திருப்பி அனுப்புவார். ஹேஸன் மறுபடி பூஞ்சை மேல் சோதித்து, பிறகு விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்ப்பார். பெரும்பாலானவை அங்கே தோற்றன. பூஞ்சையைக் கொன்ற பொருள் எலியையும் கொன்றது.

இத்தனைக்கும் அவர்கள் முதலில் குறிவைத்தது பெண்களின் அரிப்பை அல்ல. மூளைக்காய்ச்சல் தரும் கிரிப்டோகாக்கஸும் அவர்கள் சோதித்த பூஞ்சைகளில் முக்கியமானது. 1948இல் வர்ஜீனியாவில் நௌர்ஸ் என்ற நண்பர் குடும்பத்தின் பால் பண்ணையில் ஹேஸன் எடுத்த மண்ணில் ஒரு பாக்டீரியா கிடைத்தது. அது சுரந்த பொருள் கிரிப்டோகாக்கஸையும் கேண்டிடாவையும் அடக்கியது, எலி பிழைத்தது. பாக்டீரியாவுக்கு நௌர்ஸ் பெயரையே சூட்டினார்கள். 1950இல் கண்டுபிடிப்பை அறிவித்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் பெயரிலிருந்து மருந்துக்கு நிஸ்டாட்டின் என்று பெயர் வந்தது. ஸ்குவிப் நிறுவனம் தயாரிக்க, 1954இல் கடைக்கு வந்தது. குடலிலிருந்து அது ரத்தத்தில் கலப்பதில்லை. எனவே மூளைக்காய்ச்சலுக்கு உதவாது. வாய்ப்புண், குடல், யோனி போன்ற இடங்களில் நேராகப் பட்டால் நன்றாக வேலை செய்யும். பெரிய நோய்க்கென்று புறப்பட்டவர்கள், சின்னத் தொல்லை என்று உலகம் ஒதுக்கியதற்கு மருந்து கொண்டுவந்து சேர்த்தார்கள்.

காப்புரிமையால் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல் உரிமைத்தொகை வந்தது. இருவரும் தங்களுக்கென்று ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாம் அறிவியல் ஆய்வுக்கான நிதியாயிற்று. பிரௌன் தன் கல்லூரிச் செலவுக்கு டெக்ஸ்டர் கொடுத்த பணத்தைச் சம்பளத்திலிருந்து திருப்பிக் கொடுத்துவிட்டார். 1966இல் ஃப்ளாரன்ஸ் நகரம் வெள்ளத்தில் மூழ்கியபோது, ஈரத்தில் பூசணம் பிடித்த பழைய ஓவியங்களைக் காப்பாற்றவும் நிஸ்டாட்டின்தான் தெளிக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது இன்றும் இருக்கிறது.

டோனே பார்த்த துள்ளும் உயிரிக்கு மருந்து வந்த கதையும் மண்ணில்தான் தொடங்குகிறது. 1950களில் ஜப்பானில் ஒரு மண் பாக்டீரியாவிலிருந்து அசோமைசின் என்ற பொருளைப் பிரித்தார்கள். பிரான்சின் ரோன்-பூலென்க் நிறுவனம் அதன் சாயலில் பல வேதிப்பொருள்களைச் செய்து பார்த்தது. 8823 என்ற எண் கொண்டது டிரைக்கோமோனாஸைக் கொன்றது. அதுதான் மெட்ரோனிடசோல். 1959, 60 ஆண்டுகளில் அது பெண்களுக்குக் கிடைத்தது. வாயால் விழுங்கும் மாத்திரை; கணவனுக்கும் சேர்த்துக் கொடுத்தால் திரும்ப வருவது குறையும்.

1962இல் லண்டனில் ஷின் என்ற பல் மருத்துவர் விசித்திரமான ஒன்றைப் பதிவு செய்தார். டிரைக்கோமோனாஸுக்காக இந்த மாத்திரை சாப்பிட்ட ஒரு பெண்ணுக்குக் கூடவே ஈறுப் புண்ணும் ஆறிவிட்டது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்களையும் இந்த மருந்து கொல்லும் என்று அப்படித்தான் தெரிந்தது. இன்று வயிற்று அறுவை சிகிச்சையின்போது மெட்ரோனிடசோல் ஏற்றுவதன் தொடக்கம், யோனி அரிப்போடு வந்த ஒரு பெண்ணின் வாயில் இருக்கிறது.

மூன்றாவது பெரிய காரணத்தின் வரலாற்றில் கசப்பான பக்கம் ஒன்று உண்டு. ஹூஸ்டனில் ஹெர்மன் கார்ட்னர், சார்லஸ் டியூக்ஸ் இருவரும் 1955இல், பூஞ்சையும் இல்லாமல் டிரைக்கோமோனாஸும் இல்லாமல் சாம்பல் நிறக் கசிவும் மீன் வாடையுமாக வரும் நோய்க்கு ஒரு பாக்டீரியாவே காரணம் என்றார்கள். நிரூபிப்பதற்காக, நோயுள்ள பெண்களின் கசிவை நோயில்லாத 15 பெண்களின் உள்ளே வைத்தார்கள். 11 பேருக்கு நோய் வந்தது. வளர்த்தெடுத்த பாக்டீரியாவை மட்டும் 13 பேருக்கு வைத்தபோது ஒருவருக்குத்தான் வந்தது. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது. அந்த எண்களுக்குள் இருந்த செய்தியும் அவர்கள் சொன்னதற்கு மாறானது: ஒரே ஒரு பாக்டீரியா குற்றவாளி அல்ல, நல்ல பாக்டீரியா குறைந்து பல வகையும் பெருகுவதே கோளாறு. பாக்டீரியல் வஜைனோசிஸ் என்பது அதன் இன்றைய பெயர். அரிப்பைவிட வாடையே இதில் முன்னால் நிற்கும். இதற்கும் மெட்ரோனிடசோல் கேட்கும் என்று 1978இல் சியாட்டிலில் நடந்த ஆய்வு காட்டியது.

பூஞ்சை மருந்துகள் இதற்குள் பெருகிவிட்டன. பேயர் நிறுவனம் 1960களின் கடைசியில் க்ளோட்ரிமசோலை உருவாக்கியது. உள்ளே வைக்கும் மாத்திரையாகவும் களிம்பாகவும் உலகமெங்கும் போயிற்று. இங்கிலாந்தில் ஃபைசர் ஆய்வகத்தில் பிறந்த ஃப்ளூகோனசோல், 150 மில்லிகிராம் ஒரே மாத்திரையில் வேலையை முடித்தது. கர்ப்பிணிகளுக்கு மட்டும் அந்த மாத்திரை ஆகாது. அவர்களுக்கு ஏழு நாள் களிம்புதான்.

மருந்து சுலபமானதும் நோயை யார் கண்டுபிடிப்பது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது. 1990 முதல் அமெரிக்காவில் க்ளோட்ரிமசோலை மருத்துவர் சீட்டு இல்லாமலே வாங்கலாம். 2002இல் வெளியான ஓர் ஆய்வில், தங்களுக்குப் பூஞ்சைதான் என்று தாங்களே முடிவு செய்து மருந்து வாங்கிய 95 பெண்களைச் சோதித்தார்கள். பூஞ்சை மட்டும் இருந்தது அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான். மற்றவர்களுக்கு வேறு தொற்று, அல்லது கலப்புத் தொற்று, அல்லது தொற்றே இல்லை.

நம் நாட்டில் கேள்வி இன்னும் பின்னால் நின்றது. பரிசோதனை என்பதே பெரும்பாலோருக்குக் கிட்டவில்லை. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் ராணி பங்கும் அபய் பங்கும் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து, 1989 ஜனவரி ‘லான்செட்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். 92 விழுக்காட்டினருக்குப் பெண்நோய் ஏதாவது ஒன்று இருந்தது. அதற்கு முன் எப்போதாவது அந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 விழுக்காடு. கிராமப் பெண்களின் உடல்நலம் என்றாலே பிரசவமும் குடும்பக் கட்டுப்பாடும் என்றிருந்த அரசுத் திட்டங்களை இந்த ஒரு கட்டுரை உலுக்கியது.

பாடநூல் பார்வையையே திருப்பிப் போட்டது கோவாவிலிருந்து வந்த ஓர் ஆய்வு. விக்ரம் பட்டேலும் உடன் பணியாற்றியவர்களும் சுமார் 2,500 பெண்களிடம் நடத்திய அதன் முடிவு 2005இல் வெளிவந்தது. வெள்ளைப்படுதல் தொல்லை என்று சொன்ன பெண்களில் பலருக்குக் கிருமித் தொற்று இல்லை. மனச்சோர்வும் பதற்றமும் வீட்டுக் கஷ்டமும்தான் அந்தப் புகாரோடு நெருக்கமாக ஒட்டியிருந்தன. உடம்பு உருகுகிறது என்று பாட்டிமார் சொன்னதைக் கேலி செய்ய நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். வாயால் சொல்ல முடியாத அயர்ச்சியைச் சொல்ல ஒரு வழியாக அந்தப் பேச்சு இருந்திருக்கிறது. ஆனால் அவளுக்கு ஆஸ்பத்திரியில் கிடைப்பது மாத்திரை.

அந்த மாத்திரைக்கு நிறமும் உண்டு. அரசு மருத்துவமனைகளில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் நடக்கும் சுரக்ஷா கிளினிக்குகளில் அறிகுறியை வைத்து மருந்துப் பொட்டலம் தருவார்கள். கசிவும் அரிப்பும் என்றால் பச்சைப் பெட்டி: செக்னிடசோல் 2 கிராம், ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம். டிரைக்கோமோனாஸ், வஜைனோசிஸ், பூஞ்சை மூன்றையும் ஒரே வீச்சில் பிடித்துவிடும். நுண்ணோக்கி இல்லாத இடத்தில் இது புத்திசாலித்தனமான ஏற்பாடு. தொற்றே இல்லாதவளுக்கும் மூன்று நோய்க்கான மருந்து போகிறது என்பது அதன் மறுபக்கம்.

பச்சைப் பெட்டிக்குள் அடங்காத அரிப்புகள் இளம்பெண்களிடம் நிறைய. வாசனை போட்ட நாப்கின், முடி நீக்கும் களிம்பு, சவரத்துக்குப் பின் வரும் கொப்பளம், வியர்வையோடு நாள் முழுக்க இறுகிக் கிடக்கும் லெகிங்ஸ் இவையெல்லாம் தோலைப் புண்ணாக்கும்; தொற்று அல்ல. பூப்படையாத சிறுமிக்குக் கேண்டிடா அபூர்வம். அவள் ராத்திரியில் சொறிந்தால் கீரிப்பூச்சியைச் சந்தேகிக்க வேண்டும். திரும்பத் திரும்பப் பூஞ்சை வந்தால் ரத்தத்தில் சர்க்கரையைப் பார்ப்பது வழக்கம். வருடத்துக்கு மூன்று நான்கு தடவை வருகிறவர்களுக்கு வாரம் ஒரு ஃப்ளூகோனசோல் என்று ஆறு மாதம் தருகிறார்கள். தோல் வெளுத்து, மெலிந்து, ஓயாமல் அரித்தால் லைக்கன் ஸ்க்லீரோசஸ் என்ற தோல்நோயாக இருக்கலாம். அதற்குப் பூஞ்சை மருந்து கேட்காது.

தமிழ்நாட்டில் தொடை இடுக்கு அரிப்பென்றால் பாதி நேரம் படர்தாமரை. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்தியா முழுக்க அது முன்னைவிடப் பிடிவாதமாகிவிட்டதாகத் தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்த மலிவுக் களிம்புகளை அவர்கள் கைகாட்டுகிறார்கள். தடவிய இரண்டாம் நாள் அரிப்பு நின்றுவிடும், பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டிருக்கும், நிறுத்தினால் வட்டம் இரட்டிப்பாகும். அந்த மென்மையான தோலில் ஸ்டீராய்டு வெள்ளைக் கோடுகளையும் விட்டுப்போகும். தோலில் பூசும் பல ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதென்று 2018இல் மத்திய அரசு உத்தரவு போட்டது. கடைக்காரரிடம் தணிந்த குரலில் கேட்கும் பெண்ணின் கைக்கு அவை இன்றும் எளிதாக வந்து சேர்கின்றன.

வஜைனோசிஸ் விஷயத்தில் ஒரு புதிர் நெடுநாள் இருந்தது. மருந்து சாப்பிட்ட பெண்களில் பாதிப் பேருக்கு ஆறு மாதத்துக்குள், சில நேரம் மூன்று மாதத்திலேயே, திரும்ப வந்துவிடும். அவள் சரியாக மருந்து சாப்பிடவில்லை, சுத்தமாக இல்லை என்று அவள் மேலேயே பழி விழும். ஆண் துணைக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்த பழைய ஆய்வுகளில் பலன் தெரியாததால் அந்த யோசனையைக் கைவிட்டிருந்தார்கள். மெல்போர்னில் லென்கா வோட்ஸ்ட்ரசில், கட்ரியோனா பிராட்ஷா குழுவினர் அதை மறுபடி எடுத்தார்கள். இந்த முறை ஆணுக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையோடு, ஆணுறுப்பின் தோலில் தடவ க்ளிண்டமைசின் களிம்பும் கொடுத்தார்கள், ஏழு நாள்களுக்கு. 164 ஜோடிகள் கலந்துகொண்டன. பெண்ணுக்கு மட்டும் சிகிச்சை தந்த பிரிவில் பன்னிரண்டு வாரத்துக்குள் 63 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. இருவருக்கும் தந்த பிரிவில் 35 விழுக்காடு. வித்தியாசம் இவ்வளவு தெளிவாக இருந்ததால், ஒரு பிரிவின் ஆண்களை மருந்தில்லாமல் விட்டுவைப்பது சரியல்ல என்று ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ 2025 மார்ச்சில் அதை வெளியிட்டது. ஆஸ்திரேலியாவில் இப்போது வஜைனோசிஸுடன் வரும் பெண்ணிடம், துணைவரையும் அழைத்து வாருங்கள் என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள்.